தவசிக்கனி உபயம்

பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, செங்குளத்தூர் வத்தல் மண்டி முதலாளி தவசிக்கனி அண்ணாச்சியின் மடியில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். ஆள் யாரும் இல்லை, பாரம் மட்டும்தான். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த ஒரு பொம்பளையின் பாரம், தொப்பென்று விழுந்து, இரண்டு தடவை நெளிந்து, வாகாக அமர்ந்துகொண்டது. எதிரே மிளகாய் மூட்டையோடு வந்திருந்த சம்சாரி, அண்ணாச்சி என்ன விலை சொல்லப்போகிறார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றதால், அவர் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. கால் மணி நேரத்தில் அந்தப் பாரம் எழுந்து போனது. அப்புறம் ஒல்லியாக இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தார்கள், அப்புறம் கூடையோடு ஒருத்தர், அப்புறம் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிற ஒரு குழந்தை; மதியச் சாப்பாட்டுக்குள் பதினொரு பேர் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். வாயுத் தொல்லை என்று நினைத்து அண்ணாச்சி ஒரு பன்னீர் சோடா வாங்கிக் குடித்தார்.

சோடாவில் தீருகிற காரியமாக அது இல்லை. மறுநாள் காலை ஒன்பதரைக்குத் தலை சுற்ற ஆரம்பித்து, பன்னிரண்டரைக்கு நின்று, ஒன்றரைக்கு மறுபடி பிடித்து, நாலேகாலுக்குச் சொல்லிவைத்த மாதிரி விட்டது. அதற்கு மறுநாளிலிருந்து தாகம். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாலும் அடிவயிறு வறண்டே கிடந்தது. இடது முழங்கால் நினைத்தபோதெல்லாம் மடங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக நெஞ்சுக்கூட்டின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குளிர். வெளியே வத்தல் காய்கிற வெயிலில் தெருநாய் கூடத் தலை காட்டாத நேரத்தில், அண்ணாச்சி கம்பளியைப் போர்த்திக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். உள்ளூர் டாக்டர் பார்த்தார், மதுரை டாக்டரும் பார்த்தார். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று இரண்டு பேரும் சந்தோஷமாகச் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

தவசிக்கனி அண்ணாச்சி கெட்ட மனுஷர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கேட்டு வந்தவர்களுக்கு இல்லையென்று சொன்னதே கிடையாது. செங்குளத்தூரில் நீங்கள் எங்கே உட்கார்ந்தாலும், எங்கே தண்ணீர் குடித்தாலும், எங்கே அண்ணாந்து பார்த்தாலும் அவர் பெயர் இருக்கும். பஸ் ஸ்டாண்டு சிமெண்டுப் பெஞ்சுகளில், பெண்கள் பள்ளிக்கூடத்து ஃபேன்களின் இறக்கைகளில், கீழத்தெரு தண்ணீர்த் தொட்டியில், ஆஸ்பத்திரிக் கட்டில்களில், அம்மன் கோயில் டியூப் லைட்டுகளில், 'உபயம்: த. தவசிக்கனி, வத்தல் கமிஷன் மண்டி, செங்குளத்தூர்' என்று பெயிண்டர் காசிம் பாய் சிவப்பு எழுத்தில் எழுதிவைத்திருந்தார். ஊரிலிருந்த மற்ற பணக்காரர்களும் இதற்குச் சளைத்தவர்கள் இல்லை என்பதால், கோயில் டியூப் லைட்டுகளில் பெயர் போக மிச்சம் இருந்த இடத்தில்தான் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அம்மன் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஜனங்கள் டார்ச் லைட் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அண்ணாச்சியிடம் ஒரு கொள்கை இருந்தது. ரிப்பன் வெட்டுவார், போட்டோவுக்கு நிற்பார், கேசரியும் காப்பியும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார், அதன் பிறகு அந்தப் பொருள் இருக்கிற திசைக்கே போக மாட்டார். கொடுத்ததைப் போய்ப் பார்ப்பது கொடுத்ததைத் திரும்பக் கேட்பது மாதிரி என்று அவர் நினைத்தார். "குடுத்தமா, மறந்தமா, அதான் பெரிய மனசு" என்று கல்யாண வீடுகளில் சத்தமாகச் சொல்லவும் செய்வார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், ஏனென்றால் அவர்கள் வீட்டுப் பையன்களுக்கும் என்றாவது அவரிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கும்.

விஷயம் வெளிப்பட்டது பங்குனிப் பொங்கலுக்கு முந்தின வாரம். வருஷா வருஷம் திருவிழாவுக்கு முன்னால் மங்கிப்போன பெயர்களை எல்லாம் காசிம் பாய் புதுப்பித்துக் கொடுப்பது வழக்கம். அன்றைக்கு அவர் பஸ் ஸ்டாண்டுப் பெஞ்சில் பிரஷ்ஷை வைத்த அதே நேரம், மண்டியில் கீழக்கரை வியாபாரியோடு கறாராகப் பேசிக்கொண்டிருந்த அண்ணாச்சி திடீரென்று கிளுகிளுவென்று சிரிக்க ஆரம்பித்தார். விலா எலும்பில் யாரோ கோழியிறகால் வருடுகிற மாதிரி இருந்தது; நிறுத்த முடியாமல் சிரித்து, கண்ணில் தண்ணீர் வழிய, வியாபாரி கேட்ட விலைக்கே சரக்கைக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் கூலி வாங்க வந்த காசிம் பாயிடம் அண்ணாச்சியின் மனைவி தங்கபுஷ்பம் இதைச் சொல்லி வருத்தப்பட்டாள்.

"எப்படி வருடுச்சு அண்ணாச்சி?" என்று பாய் கேட்டார்.

"மொத ஒரு சுழி. அப்புறம் மேல போய் ஒரு வளைவு, நேரா ஒரு இழுப்பு. அப்புறம் ஒரு புள்ளி."

காசிம் பாய் முப்பது வருஷமாகப் பெயர் எழுதுகிறவர். அவர் கை தானாகக் காற்றில் 'த' போட்டுப் புள்ளி வைத்தது. "அது நாந்தான் அண்ணாச்சி" என்றார். "நான்தான் ஒங்களுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டியிருக்கேன்."

தங்கபுஷ்பம் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புகிறவள் இல்லை. பாயின் கையில் செல்போனைக் கொடுத்து பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினாள். "இப்ப ஒக்காருதேன்" என்று பாய் போனில் சொன்னபோது அண்ணாச்சி "ம்" என்றார். "எந்திரிச்சிட்டேன்" என்றபோது "ஆமா" என்றார். பாய் சொல்லாமலே மூன்று தரம் உட்கார்ந்து எழுந்தார், அண்ணாச்சி மூன்று விரலைக் காட்டினார். அதோடு எல்லாம் விளங்கிப்போயிற்று. தலைசுற்றல் பள்ளிக்கூடத்து ஃபேன், அதனால்தான் மத்தியானம் இடைவேளை விட்டது. முழங்கால் ஆஸ்பத்திரியில் கால் உடைந்த கட்டில். தாகம், எட்டு மாசமாக மோட்டார் ரிப்பேராகிக் காய்ந்து கிடக்கிற கீழத்தெருத் தொட்டி. தங்கபுஷ்பம் தலையில் அடித்துக்கொண்டு, "ஊருக்கெல்லாம் கொடுத்தீக, ஒரு மோட்டாரைத் திரும்பிப் பாத்தீகளா?" என்றாள்.

இது ஏன் வந்தது என்று ஊரில் யாரும் ரொம்பக் கேட்கவில்லை. சிலர் பாயின் பெயிண்டில் ஏதோ கலப்பு என்றார்கள், சிலர் அம்மன் வேலை என்றார்கள், அவ்வளவோடு விட்டுவிட்டார்கள். வந்த பிறகு எப்படி நடந்துகொள்வது என்பதுதான் அவர்களுக்குக் கவலையாக இருந்தது. பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் காலைப் பிரார்த்தனையில், ஃபேனை ஐந்தில் வைக்கக் கூடாது, அண்ணாச்சிக்கு வயசாகிறது, மூன்றுக்கு மேல் தாங்க மாட்டார் என்று அறிவித்தார். பஸ் ஸ்டாண்டில் மீன்கூடைக்காரிகள் உட்காருவதற்கு முன்னால் பெஞ்சைத் தொட்டு, "அண்ணாச்சி, கொஞ்சம் ஒக்காந்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். மண்டியில் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளப்படாத ஒருவன் தினமும் ஐந்து மணிக்கு வந்து பெஞ்சை ஒரு உதை உதைத்துவிட்டுப் போனான், அண்ணாச்சியும் தினமும் ஐந்து மணிக்குப் பல்லைக் கடித்துத் தயாராக இருந்தார். கீழத்தெருக்காரர்கள் மனு எழுதுவதை நிறுத்திவிட்டு, தொட்டியை விறகுக்கட்டையால் மூன்று தட்டுத் தட்டினார்கள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, என்னவென்று கேட்டுவர ஆள் அனுப்பினார்.

மற்ற பணக்காரர்கள்தான் நடுங்கிப்போனார்கள். இன்று அவருக்கு வந்தது நாளைக்கு நமக்கும் வரும் என்று, ஜின்னிங் பாக்டரிக்காரரும் நகைக்கடைக்காரரும் எண்ணெய்ச் செட்டியாரும் ஒரே நாளில் காசிம் பாயைக் கூப்பிட்டு, பட்டப்பகலில் தங்கள் பெயர்களை டர்பன்டைன் போட்டு அழிக்கச் சொன்னார்கள். எழுதியதற்கு வாங்கியதைப் போல இரண்டு மடங்கு கூலி கொடுத்தார்கள். பாய் பத்து நாள் அழித்தார். பதினோராம் நாள் கோயிலுக்குள் போனவர்கள் கண்கூசி வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அண்ணாச்சி பெயர் இருந்தவை போக மற்ற டியூப் லைட்டுகள் எல்லாம் முழுசாக எரிந்தன, அம்மன் மூக்குத்தியில் இரண்டு கல் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. ஊரிலேயே பெரிய தர்மம் அந்த டர்பன்டைன்தான் என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்கள்.

"நம்ம பேரையும் அழிச்சிருவமா?" என்று தங்கபுஷ்பம் கேட்டாள்.

அண்ணாச்சி வீராப்பான மனுஷர். மற்றவர்கள் பயந்து அழித்ததை அவரும் செய்தால் மண்டியில் எப்படித் தலைநிமிர்ந்து உட்காருவது? "வேண்டாம், ரிப்பேர் பாப்போம்" என்றார். இருபது வருஷத்தில் முதல்முறையாகத் தான் கொடுத்ததைப் பார்க்கக் கிளம்பினார், பாயும் கூடவே போனார். தொட்டிக்குப் புது மோட்டார் போட்டு, தண்ணீர் மேலே ஏறிய கணத்தில் அவருடைய அடிவயிறு குளிர்ந்தது. சாயங்காலம் கீழத்தெருப் பெண்கள் குடம் நிறைத்தபோது யாரோ தன்னை அன்பாக நீவிவிடுகிற மாதிரி இருந்ததாகப் பாயிடம் சொன்னார். கட்டிலுக்குக் கால் வைத்தார்கள், முழங்கால் நிமிர்ந்தது. வலி மட்டும்தான் வரும் என்று நினைத்திருந்தவருக்குச் சுகமும் வந்தது, அந்தச் சுகத்தை அவர் எந்தப் போட்டோவிலும் அனுபவித்ததில்லை.

பெண்கள் பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர், "நீங்க ஆறு ஃபேன் குடுத்தீங்க, நாங்க கேட்டது ஃபேன் இல்ல அண்ணாச்சி" என்றார்.

"பின்ன என்ன கேட்டீங்க?"

"கக்கூஸ்ல தண்ணி. கதவுக்குத் தாப்பாள். பெரிய பிள்ளைங்க காலைல இருந்து தண்ணி குடிக்காம இருக்குதுங்க."

ஃபேனில் பெயர் எழுதலாம், எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். கக்கூஸ் கதவில் யார் எழுதிக்கொள்வார்கள்? அண்ணாச்சிக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் ஒரே வாரத்தில் குழாயும் தாழ்ப்பாளும் போட்டுக் கொடுத்தார். "பேர் எழுதவா வேண்டாமா?" என்று பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். அண்ணாச்சி, "எழுதும்வே, என்ன வருதுன்னு பாப்போம்" என்றார். அவருக்கு என்ன வரப்போகிறதோ என்று ஊரே கையால் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தது. அவருக்கு வந்தது நிம்மதிதான். இருநூறு பெண்பிள்ளைகளின் நிம்மதி, பகல் பூராவும் விட்டு விட்டு வந்தது.

எல்லாம் சரியானது. நெஞ்சிலிருந்த குளிர் மட்டும் போகவில்லை. பெஞ்சு பெஞ்சாக, கட்டில் கட்டிலாகப் பார்த்துவிட்டார்கள், எதுவும் பழுதில்லை, ஆனால் குளிர் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனது. சில நாள் திடீரென்று கத்தி மாதிரிக் குத்தும். அண்ணாச்சியின் உதடு நீலம் பாய ஆரம்பித்தது. இப்படியே போனால் ஆனி மாசம் தாண்டமாட்டார் என்று டாக்டர் தங்கபுஷ்பத்திடம் தனியாகச் சொன்னார். அவள் அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு காசிம் பாயை வரச்சொன்னாள்.

"பாய், நல்லா யோசிங்க. இன்னும் எங்கயோ எழுதியிருக்கீங்க."

பாய் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். எழுதிய சுவரெல்லாம் அவர் கைக்கு ஞாபகம் இருந்தது. கடைசியில், "மூணு வருசத்துக்கு முன்னால ஆஸ்பத்திரியில ஒரு மெஷின்" என்றார். "வெள்ளைக் கலர். பெயிண்ட் காயறதுக்கு முன்னாலயே போட்டோ எடுக்கணும்னு விரட்டினாங்க. என்ன மெஷின்னு தெரியல."

அண்ணாச்சிக்கும் தெரியவில்லை. கொடுத்தவர் அவர்தான். கேட்டார்கள், கொடுத்தார், மறந்தார்.

இந்தக் குளிரை மட்டும் அழித்துவிடுவது என்று முடிவு செய்து, பாய் டர்பன்டைன் பாட்டிலையும் துணியையும் எடுத்துக்கொள்ள, இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிரசவ வார்டு சிஸ்டர் அமலோற்பவம் அவர்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"வாங்க அண்ணாச்சி. மூணு வருசம் ஆச்சு நீங்க இந்த வார்டுப் பக்கம் வந்து."

"ஒரு மெஷின்ல என் பேரு இருக்காம். அழிக்கணும் சிஸ்டர், குளிர் தாங்க முடியல."

சிஸ்டர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஸ்டோர் ரூமில் உடைந்த ஸ்ட்ரெச்சருக்கும் துருப்பிடித்த கம்பிகளுக்கும் பின்னால், பிளாஸ்டிக் உறை போட்டு, ரோஸ் கலர் ரிப்பனில் ஒரு முழத்துண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருக்க, அது நின்றது. ஒரு சின்னக் கட்டில், ஒரு பச்சைப்பிள்ளை படுக்கிற அகலம். அதற்கு மேலே சூடு தருகிற விளக்கு. பக்கவாட்டில் சிவப்பெழுத்தில் அண்ணாச்சி பளபளவென்று இருந்தார்.

"இதான் வார்மர். குறைமாசத்துல பொறக்குற பிள்ளைங்களுக்குச் சூடு வேணும், இல்லைன்னா குளிர்ந்துரும்" என்றார் சிஸ்டர்.

"ரிப்பேரா?"

"ஓட்டுனாத்தானே ரிப்பேராகும்? இதுக்குத் தனி லைன் இழுக்கணும், எர்த் போடணும், நாங்க ரெண்டு பேரு மதுரைக்குப் போய்ப் படிச்சிட்டு வரணும். மேல எழுதிக் கேட்டேன், மெஷின் குடுத்தவரே எல்லாம் பாத்துக்கிடுவாருன்னு பதில் வந்துச்சு. ஒங்க மண்டிக்கு மூணு லெட்டர் போட்டேன். ரெண்டுக்குப் பதில் இல்ல. மூணாவதுக்குக் காலண்டர் அனுப்பிச்சீங்க."

அண்ணாச்சி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "அப்ப குறைமாசப் பிள்ளைங்க வந்தா?"

"துணியில சுத்தி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவோம். எழுபது கிலோமீட்டர். இதுவரைக்கும் ஒன்பது பிள்ளை. ஏழு பொழச்சுத் திரும்பி வந்துச்சு." சிஸ்டர் ரிப்பன் துண்டைப் பிய்த்துக் கையில் சுருட்டினார். "மத்ததுல ஒண்ணு வெளியூர். ஒண்ணு ஒங்க மண்டியில காம்பு கிள்ளுத முத்துமாரி பிள்ளை. ஏழாவது மைல் தாண்டல, பஸ்ஸுலயே போயிருச்சு."

காசிம் பாய் துணியை டர்பன்டைனில் நனைத்துக்கொண்டு காத்திருந்தார். அண்ணாச்சி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் பாய். இப்ப அழிச்சா எனக்குக் குளிர் போயிரும். மெஷின் இங்கதான் கெடக்கும்."

லைன் இழுக்க அன்றைக்கே ஆள் வந்தது. சிஸ்டரும் இன்னொரு நர்ஸும் மதுரைக்குப் போகப் பதினைந்து நாள் அனுமதி வாங்க, மண்டி முதலாளி கம்பளியோடு மூன்று ஆபீஸ் படியேறி, காத்திருக்கச் சொன்ன இடத்திலெல்லாம் காத்திருந்தார். அதெல்லாம் அவருக்குச் சிரமமாகவே இல்லை. சிரமமான காரியம் ஒன்று மண்டிக்குள்ளேயே இருந்தது. முத்துமாரி மறுபடியும் மாசமாக இருந்தாள், ஏழு முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தது.

தினமும் போல முப்பது பெண்கள் வத்தல் அம்பாரத்தைச் சுற்றி உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி கல்லாவை விட்டு இறங்கி, நெடியில் தும்மிக்கொண்டே வந்து, முத்துமாரிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். முதலாளி தரையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை, எல்லாக் கைகளும் நின்றன. அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். மெஷின் இருந்ததைச் சொன்னார், ஓடாமல் கிடந்ததைச் சொன்னார், லெட்டர் வந்ததைச் சொன்னார், காலண்டர் போனதையும் மறைக்கவில்லை.

முத்துமாரி மடியிலிருந்த வத்தலை அம்பாரத்தில் தட்டிவிட்டாள். பிறகு, "எம்பிள்ள செத்த அன்னிக்கு நீங்க வீட்டுக்கு வந்து ஒரு சேலை குடுத்தீக மொதலாளி" என்றாள்.

"ஆமாம்மா."

"எம்புட்டு நல்ல மனுசருன்னு நான் ஒங்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன்."

"ஆமா."

"அந்தக் கும்புடைத் திருப்பிக் குடுத்துருங்க."

அண்ணாச்சி முப்பது பெண்களுக்கு நடுவில் இரண்டு கையையும் சேர்த்து அவளைக் கும்பிட்டார். அவள் வேண்டாமென்று தடுக்கவில்லை, முழுசாக வாங்கிக்கொண்டாள். அவர் கையை இறக்கிய பிறகு, "அது எப்ப ஓடும்?" என்று கேட்டாள்.

"சிஸ்டர் போயிட்டு வந்ததும் ஓடும். ஒரு மாசம்."

"பாப்போம்" என்று சொல்லிவிட்டு மறுபடி காம்பு கிள்ள ஆரம்பித்தாள்.

அந்த ஒரு மாசமும் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. முத்துமாரியைக் குடம் தூக்க விடவில்லை, படியேற விடவில்லை; எதிரில் வருகிற சைக்கிள்காரர்கள் இறங்கி நின்று வழி விட்டார்கள். அண்ணாச்சிக்கு ஒரு போர்வை இரண்டாகி இரண்டு மூன்றானது; காலையில் எழுந்ததும் அவர் மனைவியிடம், "அந்தப் பிள்ளைக்கு எப்படியிருக்கு?" என்று கேட்டார். சிஸ்டர் அமலோற்பவம் ஒரு வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே முத்துமாரிக்கு வலி கண்டது, குறித்த நாளுக்கு இன்னும் ஐந்து வாரத்துக்கு மேல் இருந்தது.

அண்ணாச்சி இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில் நெஞ்சிலிருந்த குளிர் உருகியது. மூன்று மாசமாகக் கல்லாக இருந்தது, அடுப்பு பற்றவைத்த சமையல்கட்டு மாதிரி மெல்ல மெல்லச் சூடாக, கம்பளியை அவரே தூக்கிப் போட்டார். "மெஷினைப் போட்டுட்டாக புஷ்பம்" என்று கத்தினார். அடுத்த நிமிஷம், அந்தச் சூட்டின் மேல் ஒரு பாரம் வந்து படுத்தது. ஒன்றே முக்கால் கிலோ இருக்கும். வத்தலைக் கையால் தூக்கியே எடை சொல்கிறவர் என்பதால் அதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு, நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்து, அப்படியே இருந்தார்.

மத்தியானம் ஆனது, அவர் அசையவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. டாக்டர் வந்து தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து, அதை உதறி, மறுபடி வைத்துப் பார்த்தார். "இந்த வயசுல இந்தச் சூடு ஆகாதும்மா. எத்தனை நாளைக்கு அந்தப் பிள்ளை உள்ள இருக்கணும்?" என்றார். பத்து நாளாவது இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். மெஷின் ஓடுகிறது, பிள்ளை பத்திரமாக இருக்கிறது, இனி பெயர் எதற்கு? தங்கபுஷ்பம் கணவரிடம் கேட்காமலே காசிம் பாயை டர்பன்டைன் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

பாய் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். பாட்டில் திறக்கப்படாமல் இருந்தது.

"அழிச்சாச்சா?" என்று தங்கபுஷ்பம் வாசலிலேயே கேட்டாள்.

"முத்துமாரி விடலம்மா. பெத்த ஒடம்போட எந்திரிச்சு வந்து மெஷினுக்கு முன்னால நின்னுக்கிட்டா." பாய் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "'பேரு இருக்கட்டும் பாய், எம்பிள்ளைக்குக் குளிர்ந்தா மொதலாளிக்குத் தெரியணும்'னு சொல்லச் சொன்னா."

தங்கபுஷ்பத்துக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நானே போய் அழித்துவிட்டு வருகிறேன், எவள் தடுக்கிறாள் பார்ப்போம் என்று பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள். செருப்பை மாட்டுவதற்கு முன்னால், சூடு இன்னும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க உள்ளே வந்து, கணவரின் நெஞ்சில் கையை வைத்தாள். நாற்பது வருஷமாக அவளுக்குத் தெரிந்த துடிப்பு அங்கே இருந்தது, நிதானமாக. அதற்கு மேலே, அவள் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில், இன்னொன்று குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. அண்ணாச்சி கண்ணைத் திறந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பேசாதீக" என்றாள் தங்கபுஷ்பம். "இப்பத்தான் தூங்குது."